கணக்குக் காட்டாதவன் மருமகனுக்கும் இடமில்லை

உத்திரமேரூர் கல்வெட்டைப் பத்தி உங்கள்ல நிறைய பேர் பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. குடவோலை முறை, ரெண்டு மார்க் கேள்வி. 2020 டிசம்பர்ல டெல்லியில புது நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினப்போ பிரதமரும் அந்த ஊர் பேரைச் சொன்னார். எல்லாரும் அதை நம்ம முன்னோர் ஓட்டுப் போட்ட கதையாத்தான் சொல்றாங்க. எனக்கு அந்தக் கல்வெட்டுல முக்கியமாப் படுற இடம் வேற. கணக்குக் காட்டாதவனை என்ன செய்யணும்னு அதுல எழுதி வச்சிருக்காங்க. அதைப் பத்தி பேசுறவங்க குறைவு.

எங்க ஊர் வந்தவாசிப் பக்கம். உத்திரமேரூர் எங்களுக்குத் தூரம் இல்ல. அங்க வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்லதான் அந்த எழுத்து இருக்குது. முதலாம் பராந்தக சோழன் காலம். 919-ல ஒண்ணு, ரெண்டு வருஷம் கழிச்சு 921-ல இன்னொண்ணு. முதல் விதியில குறை தெரிஞ்சிருக்கணும், இல்லன்னா ரெண்டே வருஷத்துல எதுக்குத் திருத்தி மறுபடி கல்லுல வெட்டப் போறாங்க? ரெண்டு முறையும் ராஜாவோட ஆள் ஒருத்தர் கூட இருந்துதான் சபை இந்த முடிவை எடுத்திருக்கு.

முறை இதுதான். ஊரை 30 குடும்பாப் பிரிச்சாங்க. குடும்புன்னா இப்போ நாம சொல்ற வார்டு மாதிரி. ஒவ்வொரு குடும்புலயும் தகுதி உள்ளவங்க பேரை ஓலையில எழுதிக் குடத்துல போடுவாங்க. சபை கூடின இடத்துல, உள்ள என்ன எழுதியிருக்குன்னு தெரியாத ஒரு சின்னப் பையனை விட்டு ஓலையை எடுக்கச் சொல்வாங்க. அதை வாங்கிப் படிக்கிறவர் அஞ்சு விரலையும் அகல விரிச்சு உள்ளங்கையில வாங்கணும். எதுக்குன்னு யோசிச்சுப் பாருங்க. கைக்குள்ள வேற ஓலையை மறைச்சு வச்சு மாத்திடக் கூடாது. படிச்ச பேரை அங்க இருக்கிற நம்பிமார் எல்லாரும் திரும்ப வாசிக்கணும்.

அதனால இது ஓட்டு இல்ல, குலுக்கல். அப்படித் தேறின 30 பேர்ல 12 பேர் சம்வத்சர வாரியம், அதாவது ஆண்டு வாரியம். 12 பேர் தோட்ட வாரியம். 6 பேர் ஏரி வாரியம். காலம் 360 நாள். குத்தம் செஞ்சது தெரிஞ்சா 360 நாள் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், அப்பவே இறக்கிடலாம். ஒரு முறை வாரியத்துல இருந்தவர் மூணு வருஷத்துக்குத் திரும்ப வர முடியாது.

இப்போ யாருக்கு இடமில்லைங்கிற பட்டியலுக்கு வருவோம். திருடினவனும் பெரும் பாவம் செஞ்சவனும் அதுல இருக்காங்க. ஆனா பட்டியல்ல முதல்ல நிக்கிறது, எந்த வாரியத்துலயாவது இருந்துட்டு கணக்குக் காட்டாம விட்டவன். அவன் மட்டும் இல்ல. அவனோட சித்தி, பெரியம்மா பிள்ளைங்க, அத்தை, மாமன் பிள்ளைங்க, தாய்மாமன், அப்பாவோட கூடப் பிறந்தவர், அண்ணன் தம்பி, பொண்ணு கொடுத்த மாமனார், மச்சான், அக்கா தங்கச்சி புருஷன், அவங்க பிள்ளைங்க, மருமகன், அப்பா, மகன். இத்தனை பேரோட ஓலையும் குடத்துக்குள்ள போகக் கூடாது.

இந்த உறவுப் பட்டியலைப் படிக்கும்போது எனக்குத் தோணினது ஒண்ணுதான். இதை எழுதினவங்களுக்கு ஊர் நல்லாத் தெரிஞ்சிருக்கு. மாட்டிக்கிட்டவன் மச்சானை நிறுத்துவான், மருமகனை நிறுத்துவான்னு அனுபவத்துல தெரியாம இவ்வளவு நுணுக்கமா எழுதியிருக்க முடியாது. அதோட இன்னொரு வேலையும் இந்த விதி செய்யும். ஒருத்தன் கணக்கை மறைச்சா அவன் வீட்டு மனுஷங்களே அவன் கழுத்தைப் பிடிப்பாங்க. "உன்னால எங்களுக்கும் போச்சே, போய்க் கணக்கைக் கொடு"ன்னு சொந்தக்காரன் கேக்குற மாதிரி எந்த அதிகாரியும் கேக்க முடியாது.

கணக்கு எழுதுறவருக்கும் விதி இருக்கு. நேர்மையாச் சம்பாதிக்கிறவரா இருக்கணும். தான் எழுதின கணக்கைத் தானே சபையில காட்டணும், வேற கணக்கர் வந்து முடிச்சு வைக்கக் கூடாது. அது சரின்னு ஆன பிறகுதான் இன்னொரு கணக்குல கை வைக்கலாம்.

இவ்வளவு பெருமையா எழுதுறேன், ஆனா ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. உத்திரமேரூர் அப்போ ஒரு சதுர்வேதிமங்கலம், பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர். குடத்துல பேர் வரணும்னா கால் வேலிக்கு மேல வரி கட்டுற நிலம் வேணும். அதாவது இன்னைக்கு ஒண்ணரை ஏக்கருக்கு மேல. சொந்த மனையில வீடு வேணும், 35-லிருந்து 70 வயசுக்குள்ள இருக்கணும், வேதம் தெரிஞ்சிருக்கணும். அந்த நிலத்துல ஏர் ஓட்டினவங்க பேரோ, நாத்து நட்ட பொம்பளைங்க பேரோ அந்தக் குடத்துக்குள்ள போயிருக்கவே முடியாது. ஏரிக்கரையில மண்ணு சுமந்தவனுக்கு ஏரி வாரியத்துல கேள்வி கேட்க இடமில்ல. கணக்கு கேட்கிற உரிமை அந்தச் சபைக்குள்ள இருந்தவங்களுக்குத்தான்.

1948 நவம்பர்ல அரசியல் நிர்ணய சபையில இந்த வழக்கு ரெண்டு பக்கமும் வந்தது. கிராமத்தை அடிப்படையா வைக்கலன்னு குறை சொன்னவங்களுக்கு அம்பேத்கர் கடுமையாவே பதில் சொன்னார். குறுகின புத்தியும் சாதி வெறியும் ஊறின இடம் கிராமம், தனி மனுஷனைத்தான் அடிப்படையா எடுக்கணும்னு அவர் வாதம். சென்னை மாகாணத்தோட பிரதமரா இருந்த டி.பிரகாசம் உத்திரமேரூர் கல்வெட்டைச் சொல்லி கிராமப் பஞ்சாயத்துக்காகப் பேசினார். அதே மாசம் கே.சந்தானம் கொண்டு வந்த திருத்தத்தால பஞ்சாயத்து 40-வது பிரிவா உள்ள வந்துச்சு. ஆனா வழிகாட்டும் கொள்கையாத்தான். நடத்தியே ஆகணும்னு கட்டாயம் இல்ல.

கட்டாயம் இல்லன்னா என்ன ஆகும்னு நம்ம மாநிலத்துலயே பார்த்தோம். 1970-ல உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 1986. அதுக்கடுத்தது 1996. நடுவுல 1993-ல 73-வது திருத்தம் அமலுக்கு வந்ததாலயும், 1994-ல தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்ததாலயும்தான் அந்த 1996 தேர்தலே. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தேர்தல்னு அரசியல் சட்டத்துலயே எழுதியாச்சு. பெண்களுக்கு மூணுல ஒரு பங்கு, பட்டியல் சாதிக்கு ஒதுக்கீடு எல்லாம் வந்துச்சு. ஆயிரம் வருஷம் குடத்துக்கு வெளிய நின்னவங்க பேர் அப்பத்தான் உள்ள போச்சு.

அது சும்மா போகல. மதுரை மாவட்டம் மேலவளவுல தலைவரா ஜெயிச்ச முருகேசனையும் அவரோட இருந்தவங்களையும் 1997 ஜூன் 30-ல வெட்டிக் கொன்னாங்க. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்துல ஒதுக்கீட்டுத் தலைவர் பத்து வருஷம் பதவியில உட்கார முடியல, 2006-லதான் முடிஞ்சது. இதை ஏன் இங்க சொல்றேன்னா, கணக்கு கேட்கிறதும் ஊருக்கு ஊர் ஒரே மாதிரி நடக்கிறதில்ல. சில ஊர்ல மேல்சாதித் தலைவர் அஞ்சு வருஷம் என்ன செஞ்சாலும் வாயைத் திறக்காதவங்க, காலனியில இருந்து ஒரு பொம்பளை தலைவரா வந்தா முதல் வாரமே கணக்கு கேட்டுக்கிட்டு நிப்பாங்க. எல்லார்கிட்டயும் கேட்டாத்தான் அதுக்குப் பேர் கணக்கு கேட்கிறது.

இப்போ கேட்கிற இடம் கிராம சபை. வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கிற எல்லாரும் அதுல உறுப்பினர். நிலமோ வேதமோ வேண்டாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2-ன்னு நாலு நாள் இருந்தது. 2022-ல மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் சேர்ந்து ஆறு நாள் ஆச்சு. வரவு செலவு, தணிக்கை அறிக்கை, பயனாளிகள் பட்டியல் எல்லாம் சபையில வைக்கணும். 500 பேருக்குள்ள இருக்கிற ஊருன்னா 50 பேர் வரணும், 3,000 வரைக்கும் 100 பேர், 10,000 வரைக்கும் 200 பேர், அதுக்கு மேல 300 பேர்.

நேர்ல பார்க்கிறதைச் சொல்றேன். நூறு நாள் வேலைக்குப் போற பொம்பளைங்க வந்து வரிசையா உட்காருவாங்க. ஆம்பளைங்க டீக்கடையில நின்னு எட்டிப் பார்ப்பாங்க. செயலர் கணக்கை ரயில் வேகத்துல படிப்பார். தீர்மான நோட்டுல கையெழுத்து வாங்குறது பாதி நேரம். ஒரு வருஷம் பக்கத்து ஊர் சபையில ஒரு அம்மா எழுந்து, வரவுக் கால்வாய் தூர் வாரினதா படிச்சீங்களே, எந்த இடத்துல இருந்து எந்த இடம் வரைக்கும்னு கேட்டாங்க. அங்கதான் அவங்க மாடு மேய்க்கிறாங்க. பதில் இல்ல. அதிகாரி குறிச்சுக்கிட்டார். அடுத்த மழைக்கு முன்னாடி கால்வாய்ல பொக்லைன் இறங்கிச்சு, அந்த வருஷம் ஏரி கோடி போச்சு. அந்தக் கேள்வி கேட்க படிப்பு ஒண்ணும் வேண்டியிருக்கல. கால்வாய் எங்க மேடு தட்டியிருக்குன்னு தெரிஞ்சா போதும்.

ஆனா கேட்டும் பதில் வரலன்னா நம்ம கையில என்ன இருக்கு? சட்டத்துல 205-வது பிரிவுப்படி தலைவரை நீக்குற அதிகாரம் கலெக்டருக்கு. அவர் நோட்டீஸ் கொடுக்கணும், விளக்கம் வாங்கணும், தாசில்தார் வார்டு உறுப்பினர்களைக் கூட்டிக் கருத்து கேட்கணும், அப்புறம் முடிவு. ஊர்க்காரங்க மனு கொடுக்கலாம், அவ்வளவுதான். கணக்குக் காட்டாதவரோட மச்சானோ மருமகனோ அடுத்த தேர்தல்ல நிக்க எந்தத் தடையும் இல்ல. உறவுக்காரனுக்குத் தண்டனை கொடுக்கிறது இன்னைக்கு நியாயமும் ஆகாது, ஒத்துக்கிறேன். ஆனா அந்த விதியோட இடத்துல வேற எதையும் நாம வைக்கல.

இதையெல்லாம் விட மோசம், கேட்கவே ஆள் இல்லாத காலம். 2011-ல தேர்ந்தெடுத்தவங்க காலம் 2016-ல முடிஞ்சது. அடுத்த தேர்தல் 27 மாவட்டத்துக்கு 2019 டிசம்பர்லதான் வந்துச்சு. மூணு வருஷம் தனி அலுவலர். மிச்சம் ஒன்பது மாவட்டத்துக்கு 2021 அக்டோபர். 2019-ல வந்தவங்க காலம் 2025 ஜனவரி 5-ஓட முடிஞ்சது. மறுபடி உடனே தேர்தல் இல்ல, மறுபடி தனி அலுவலர். தமிழ்நாட்டுல சுமார் 12,500 கிராம ஊராட்சி இருக்கு, ஊராட்சி ஒன்றியம் 388. ஒரு வட்டார வளர்ச்சி அலுவலருக்குச் சராசரியா முப்பது ஊருக்கு மேல வருது. அவர் நல்லவராவே இருக்கட்டும், எங்க ஊர் தெருவிளக்கு எந்தக் கம்பத்துல எரியலன்னு அவருக்கு எப்படித் தெரியும்? தலைவர் இருந்தா காலையில டீக்கடையில மறிச்சுக் கேட்கலாம். திட்டலாம். அவர் வீட்டு வாசல்ல போய் நிக்கலாம். அஞ்சு வருஷம் கழிச்சு ஓட்டு கேட்டு வரணும்ங்கிற பயம் அவருக்கு இருக்கும். தனி அலுவலர் மாத்தலாகிப் போயிடுவார். தான் எழுதின கணக்கைத் தானே காட்டணும்னு அன்னைக்கு எழுதினது இதுக்குத்தான்னு எனக்குப் படுது.

டவுன்ல இருக்கிறவங்க இது கிராமத்துக் கதைன்னு நினைச்சுக்காதீங்க. உத்திரமேரூரே இப்போ பேரூராட்சி. கிராம சபை சட்டம் கிராம ஊராட்சிக்கு மட்டும்தான், அதனால குடவோலை எடுத்த ஊர்லயே இன்னைக்குக் கிராம சபை கூடாது. நகரத்துக்குன்னு பகுதி சபை, வார்டு கமிட்டின்னு விதி போட்டு 2022 நவம்பர் 1-ல இருந்து நடத்துறாங்க. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லாத்துக்கும் அது உண்டு. உங்க கவுன்சிலர் கூட்டுற அந்த சபை எந்த நாள், எந்த இடம்னு உங்க தெருவுல எத்தனை பேருக்குத் தெரியும்?

கிராமத்துல ஓட்டு வச்சிருக்கிறவங்க லீவு நாள்ல ஊருக்கு வரும்போது சபைக்கு வாங்க. ஆறு நாள்ல நாலு நாள் அரசு விடுமுறைதான். வர முடியாதவங்க பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்துல தீர்மான நகலும் வரவு செலவும் கேட்டு ஒரு கடுதாசி போடுங்க. மொத்தமா எல்லாத்தையும் கேட்காதீங்க, குப்பை மாதிரிக் கட்டி அனுப்புவாங்க. ஒரு வேலை, ஒரு வருஷம், எவ்வளவு செலவு, எந்த இடத்துலன்னு கேளுங்க. பதில் வந்ததும் அதை ஊர்ல இருக்கிற யார்கிட்டயாவது கொடுத்து அந்த இடத்துல போய் நின்னு பார்க்கச் சொல்லுங்க.