துணி சுற்றிய கால்கள்

அரசர்களின் பெயரும் போர்களின் ஆண்டும் மட்டுமே வரலாறு ஆகிவிடா. மக்கள் ஆடிய ஆட்டங்களும் வரலாறே. 1936 ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் எடுக்கப்பட்ட புகைப்படம் ஒன்று இதற்குச் சான்று பகரும். இந்திய ஆட்டக்காரர் ஒருவரின் வெறுங்காலுக்கு வெள்ளையர் ஒருவர் துணி சுற்றிக் கட்டுகிறார். இந்தியர், கல்கத்தாவைச் சேர்ந்த முகமது சலீம். வெள்ளையர், இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் செல்டிக் கழகத்துக்கு ஆடிப் பெரும்புகழ் ஈட்டி, பின்னர் அதன் பயிற்றுநரான ஜிம்மி மக்மெனமி.

வெறுங்காலுடன் ஆடுவது எத்தகையது என்பதை, தீவகத்து மணல்வெளிகளில் பந்துதைத்து வளர்ந்த நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. வங்காளத்தில் உதைபந்தாட்டத்தைப் பரப்பியவர்கள் ஆங்கிலேயரே. ஆனால் 1911 யூலை 29 இல் மோகன் பகான் கழகம், கிழக்கு யோர்க்சயர் படையணியை இரண்டுக்கு ஒன்று என வென்று கேடயத்தைக் கைப்பற்றியது. வென்ற பதினொருவரில் பதின்மர் வெறுங்காலர். 1905 இல் வங்காளத்தைக் கூறுபோட்ட ஆட்சியின் படைவீரரே அன்று தோற்றனர். மக்கள் அதனை வெறும் ஆட்டமாகவா கருதியிருப்பர்?

1904 இல் பிறந்த சலீம் அக்காலத்தின் பிள்ளை. அவர் ஆடிய முகமதன் ஸ்போர்ட்டிங் கழகம், 1934 இல் கல்கத்தா லீக்கை வென்ற முதல் இந்தியக் கழகமாயிற்று. 1938 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து வென்றது. இடையில், உறவினர் ஒருவரின் தூண்டுதலால் 1936 இல் கிளாஸ்கோ சென்ற சலீம், செல்டிக்கின் இரண்டாம் அணிக்கு இரு ஆட்டங்கள் ஆடினார். ஹமில்டன் அணி ஐந்துக்கு ஒன்றாகவும், கோல்ஸ்டன் அணி ஏழுக்கு ஒன்றாகவும் தோற்றன. சப்பாத்து அணியாத காலுக்குத் துணிக்கட்டே காப்பு.

செல்டிக் யாருடைய கழகம்? பஞ்சத்தாலும் அந்நிய ஆட்சியாலும் அலைக்கழிந்து கிளாஸ்கோவின் கிழக்குச் சேரிகளில் குடியேறிய ஐரிசு ஏழைகளின் கழகம் அது. அவர்தம் பிள்ளைகளின் பசி தீர்க்கப் பணம் திரட்டவே, வால்ஃபிரிட் என்ற துறவி 1887 இல் அதனைத் தொடங்கினார். ஒரே பேரரசின் கீழ் நொந்த இரு மக்களின் பிள்ளைகள் ஓர் ஆடுகளத்தில் சந்தித்தனர் என்பதே அப்படத்தின் பொருள்.

ஆயினும் மிகைப்படுத்தல் வேண்டா. அவரை ‘இந்தியச் செப்படி வித்தைக்காரர்’ என்றே அந்நாட்டு நாளேடு ஒன்று தலைப்பிட்டது. பயிற்சியாலும் உழைப்பாலும் வந்த திறமையைக் கீழைநாட்டு மாயமாகக் காண்பது ஆள்வோரின் பழக்கம் அன்றோ? பேரரசும் அன்று அசையவில்லை. ஊர்நினைவு வாட்டச் சலீம் தாயகம் திரும்பினார். 1980 இல் மறைந்தார்.

எனினும் ஒன்று எஞ்சுகிறது. இனமேன்மை பேசிய உலகில், தொழில் தெரிந்த ஒருவன் தொழில் தெரிந்த மற்றொருவனின் காலுக்குக் கட்டுப் போட்டான்; நிறம் பார்க்கவில்லை. பேரரசுகளின் பட்டியலை மனனம் செய்யும் நம் மாணவர், இந்தப் படத்தையும் அறிந்திருத்தல் வேண்டும்.