கொக்கு கொண்டுவந்ததா, காத்துவைத்ததா? பாகூர் நெல்வெளியும் மூளைக்காய்ச்சல் வைரசும்

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பற்றி எதைப் படித்தாலும் கொக்கு, கொசு, பன்றி, மனிதன் என்ற வரிசை மாறாமல் வருகிறது. இந்த வரிசைக்குச் சொந்த ஊர் டோக்கியோ. பூஷர், ஷெரர் குழுவினர் 1950களில் அந்நகரைச் சுற்றிக் கொசு பிடித்தும் கொக்குக் குஞ்சுகளின் இரத்தம் எடுத்தும் 1959-இல் வெளியிட்ட கட்டுரைத் தொடரே அதற்கு மூலம். அவர்கள் உழைப்பில் குறை காண முடியாது. அதை அப்படியே பிடுங்கிவந்து பெண்ணையாற்றங்கரையில் நட்டதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

அவர்களுக்கு முன்னே நின்ற சிக்கல் குளிர்காலம். பனியில் கொசு அடங்கிவிடுகிறது. வைரஸ் எங்கே ஒளிகிறது, கோடையில் யார் திரும்பக் கொண்டுவருகிறார்கள்? அந்தக் கேள்விக்குச் சொல்லப்பட்ட விடைகளில் ஒன்றாகத்தான் வலசைப் பறவை உள்ளே வந்தது. அதே கோடையில் வக்காவும் கொக்கும் கூட்டமாகக் குஞ்சு பொரித்தன. எதிர்ப்பாற்றல் இல்லாத குஞ்சின் இரத்தத்தில் வைரஸ் பெருகியது. அடுத்து பன்றி, கடைசியில் மனிதன். ஒரே பருவத்தில் எல்லாம் நடந்து முடிந்தது.

பாகூரை அடுத்த சோரியாங்குப்பத்தில் அந்தக் கேள்வியே எழாது. ஒருபக்கம் பெண்ணையாறு, மறுபக்கம் பாகூர் ஏரியை நம்பிய வயல். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மாறிமாறி நடவு வருகிறது. நட்டுச் சில வாரமே ஆன, பயிர் இன்னும் மூடாத தண்ணீர்தான் கியூலெக்ஸ் டிரைடெனியோரிங்கசுக்கும் கியூலெக்ஸ் விஷ்ணுய்க்கும் பிடித்த இடம். கொசு அற்றுப்போகும் மாதம் என்று ஒன்று இங்கே கிடையாது. ஆண்டுதோறும் வெளியிலிருந்து வைரசைக் கொண்டுவர ஒரு தூதன் எதற்கு?

இங்குள்ள பறவைகளும் தூதர்கள் அல்ல. மடையான் மடைவாயை விட்டு நகராது, உண்ணிக்கொக்கு மாட்டை விட்டு நகராது. பேரிலேயே அது இருக்கிறது. இந்த இரண்டின் இரத்தத்திலும் வைரஸ் பெருகும், கடிக்கும் கொசுவுக்குத் தொற்றும் என்று சோமன், ரோட்ரிக்ஸ் குழுவினர் 1977-இலேயே சோதித்துக் காட்டிவிட்டார்கள். அந்தியில் வரப்போரம் கட்டிய மாட்டருகே நின்று பார்த்தால் போதும்: முதுகில் இருந்த கொக்கு மரத்துக்குப் போகிறது, வயலிலிருந்து கொசு மாட்டுக்கு வருகிறது. வட ஆற்காட்டுக் கொசுக்களைப் பற்றி ரேச்சல் ரூபன் 1971-இல் எழுதிய தொடர், மாட்டை நாடும் இந்தப் பழக்கத்தை விரிவாகப் பதிவு செய்கிறது. மாட்டின் உடலில் வைரஸ் பெருகாமல் நின்றுவிடும். ஆனால் அந்த மாட்டின் இரத்தத்தைக் குடித்துத்தான் கொசு முட்டை வைக்கிறது. மாடு நம்மைக் காக்கிறதா, கொசுவை வளர்க்கிறதா என்று கேட்டால் இரண்டும்தான்.

என் வாதத்துக்கு வலுவான சான்று வேலூரிலிருந்து கிடைக்கிறது. இந்தியாவில் இந்நோய் மருத்துவமனையில் முதலில் அறியப்பட்டது 1955-இல் அங்கேதான். 1958-இல் அங்கே இறந்த ஒருவரின் மூளையிலிருந்து பிரித்த வைரசுக்கு பி20778 என்று எண். ஏறத்தாழ 11,000 எழுத்து நீளமுள்ள அதன் மரபுப் பாடத்தை 1978-இல் கோரக்பூரில் கிடைத்த ஜிபி78 என்ற பாடத்தோடு வ்ரதி குழுவினர் 1999-இல் ஒப்பிட்டார்கள். கோரக்பூர்ப் பாடம் வேலூரை விட, 1954-இல் சீனாவில் கிடைத்த எஸ்ஏ14-க்கே நெருங்கியது. பாடபேதத்துக்குக் கால இடைவெளி காரணம் என்று சொல்ல வழியில்லை: வேலூருக்கும் சீனாவுக்கும் நான்கே ஆண்டு, கோரக்பூருக்கும் சீனாவுக்கும் இருபத்து நான்கு. வலசைப் பறவைகள் ஆண்டுதோறும் கலந்துகொண்டிருந்தால் தெற்குப் பாடம் இப்படித் தனித்து நின்றிருக்குமா? ஒற்றைச் சுவடியை வைத்துக்கொண்டு அளவுக்கு மீறிப் பேசுகிறேன் என்பது தெரியும். பி20778 எலிமூளையில் வளர்க்கப்பட்ட வைரஸ். படியெடுப்போர் பிழை அதில் ஏறியிருக்கலாம். ஆனாலும் சான்று இந்தப் பக்கமே சாய்கிறது.

வைரஸ் எப்போது இங்கே வந்தது என்பதற்கு ஆண்டு குறிக்க முடியவில்லை. 1955 மருத்துவமனை கண்டுகொண்ட ஆண்டு. தொற்று ஏறும் இருநூற்றைம்பது பேரில் சுமார் ஒருவருக்குத்தான் மூளை பாதிக்கிறது. 1952-இல் எடுத்த இரத்த மாதிரிகளில் எதிர்ப்பொருள் இருந்தது உண்மை. ஆனால் மேற்கு நைல் வைரசின் எதிர்ப்பொருளும் சோதனையில் இதே முகம் காட்டும். பாகூரை ஒட்டிய தென்னாற்காட்டுச் சிறுவர்களிடம் கஜானனா குழுவினர் செய்த ஆய்வு (1995), ஒரே ஊரில் மேற்கு நைல், டெங்கு, மூளைக்காய்ச்சல் மூன்றும் ஓசையின்றி உலவுவதைக் காட்டியது. அதன்பின் 1952-ஐ அடித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

எனக்கு எதிரான சான்று ஒன்றும் இருக்கிறது. அதுவரை மூன்றாம் மரபுவகை மட்டுமே அறியப்பட்ட கோரக்பூரில், 2009-இல் நோயாளிகளிடம் முதலாம் மரபுவகை தென்பட்டது. அது எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும். பறவை அல்ல என்று மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.