சந்திரனில் பிறந்தவனுக்கு எந்த நாட்டு அடையாள அட்டை?

ஏழாம் ஆண்டு மாணவர்களுக்குச் சந்திரனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அங்கே மனிதன் குடியேறினால் நிறை குறையும், எலும்பு மெலியும் என்றெல்லாம் பேச்சு போனது. பின்வாங்கிலிருந்து ஒருவன் எழுந்தான். "சேர், அங்க பிறக்கிற பிள்ளைக்கு எந்த நாட்டு அடையாள அட்டை?" வகுப்பு முழுதும் சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அவனுடைய கேள்வி புதியதல்ல. விஞ்ஞானப் புனைகதை எழுதியோர் அரை நூற்றாண்டுக்கு முன்பே அதைத் தொட்டிருக்கிறார்கள். அமெரிக்கரான ரொபேட் ஹைன்லைன் 1966இல் வெளியிட்ட 'த மூன் இஸ் எ ஹார்ஷ் மிஸ்ட்ரஸ்' நாவலில், பூமி நாடு கடத்திய கைதிகளும் அவர்களின் சந்ததியினரும் சந்திரனின் சுரங்கங்களில் கோதுமை விளைவிக்கிறார்கள். விளைச்சல் பூமிக்குப் போகிறது. விலையைத் தீர்மானிப்பதும் பூமிதான். தண்டனைக் காலம் முடிந்தவனும் ஊர் திரும்ப முடியாது, சந்திரனுக்குப் பழகிய உடல் பூமியின் ஈர்ப்பைத் தாங்காது. கோதுமையோடு போகும் நீர் திரும்பி வருவதில்லை என்ற கணக்கு ஒருநாள் அவர்களுக்குப் புலப்படுகிறது. புரட்சி வெடிக்கிறது. சுதந்திரப் பிரகடனம் 2076 ஜூலை 4ஆம் திகதி. அமெரிக்கர் 1776இல் செய்ததை முன்னூறு ஆண்டுக்குப் பின் சந்திரனில் செய்து பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

நம் நாட்டில் வாழ்ந்த ஆதர் சி. கிளார்க் அவரை முந்திவிட்டார். 1955இல் வந்த 'ஏர்த்லைற்' நாவலில் பூமிக்கும் கோள்களின் கூட்டாட்சிக்கும் பகை மூள்வது கன உலோகங்களுக்காக. கொடிக்கும் கீதத்துக்கும் அங்கே பெரிய இடமில்லை. மூலப்பொருள் யார் கையில் என்பதே வழக்கு. இதில் கிளார்க் ஹைன்லைனைவிடக் கூரியவர் என்பது என் எண்ணம்.

ஆனால் இருவருக்கும் ஒரு வசதி இருந்தது. சந்திரனில் முன்பே யாரும் குடியிருக்கவில்லை. மாதோட்டத்துக்காரனால் அப்படிக் கதை சொல்ல முடியாது. 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைப் பிடித்தார்கள். திருக்கேதீஸ்வரக் கோயிலின் கற்களே கோட்டைக்குப் போயின என்பது இங்கே எல்லோர் வாயிலும் உள்ள கதை. பின்னால் வந்த ஒல்லாந்தரின் கதைதான் வேடிக்கையானது. ஸ்பானிய மன்னனை நிராகரித்து 1581இல் சுதந்திரம் பிரகடனம் செய்தவர்கள் அவர்கள். உலகம் அதை ஒப்புக்கொண்டது 1648இல். பத்தே ஆண்டு கழித்து, 1658இல், மன்னார்க் கோட்டைக்குள் அவர்களே எசமானர்கள். விடுதலைக்காகப் போராடியவன் அடுத்தவனை அடிமைப்படுத்தமாட்டான் என்று நம்புவோர் இந்த மூன்று ஆண்டுகளையும் அடுத்தடுத்து எழுதிப் பார்க்கட்டும்.

ஹைன்லைனின் சந்திரவாசிகளுக்கு நெருங்கிய உறவினர் வேறு சிலர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைநாட்டுத் தோட்டங்களுக்கென்று தமிழகத்திலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் அவர்கள். திருக்கேதீஸ்வரம் காடு மூடிக் கிடந்த காலம் அது. கங்காணியின் பின்னால் காட்டு வழியே மாத்தளை வரை நூறு மைலுக்கு மேல் நடந்தார்கள். வாந்திபேதியில் விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தார்கள். 1914இல் தலைமன்னாரிலிருந்து புகையிரதம் ஓடியபோது நடை நின்றிருந்தது, கடன் நிற்கவில்லை. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் அவர்களின் கடனை எழுதிய 'துண்டு' வேண்டும். 1921இல்தான் அந்த முறை ஒழிக்கப்பட்டது. கோப்பியும் தேயிலையும் கப்பலேறின. விலை வேறெங்கோ தீர்மானமானது.

இதுவரை நாவலும் வரலாறும் கைகோத்து நடக்கின்றன. பிரிவது சுதந்திரத்துக்கு மறுநாள். சந்திரனில் உழைத்தவர்களே சந்திரனின் குடிமக்கள் ஆனார்கள். இலங்கை 1948 பெப்ரவரி 4இல் சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பனும் பாட்டனும் பிறந்த இடத்தைக் கேட்டது. லயத்தில் பிறந்தவன் பாட்டனின் பிறப்புப் பத்திரத்துக்கு எங்கே போவான்? 1949இல் வந்த அடுத்த சட்டத்தின் பெயரே 'இந்திய, பாகிஸ்தானிய வதிவோர்' சட்டம். நம்மவர்களில் சிலரும் அதற்குள் அகப்பட்டார்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். 1947 தேர்தலில் ஏழு ஆசனங்களை வென்ற இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு 1952இல் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. வாக்காளர்கள் உயிரோடுதான் இருந்தார்கள், இடாப்பில்தான் இல்லை.

1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைப் பங்கு பிரித்தது. 525,000 இந்தியாவுக்கு, 300,000 இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. பாட்டன் வந்திறங்கிய கரையிலேயே பேரன் கப்பலேறினான், தான் கண்டிராத 'தாய்நாட்டுக்கு'. ஹைன்லைனின் கைதிக்கு உடல் இடம் கொடுக்கவில்லை. இவர்கள் பலருக்கு மனம் இடம் கொடுக்கவில்லை. ஆனாலும் அனுப்பப்பட்டார்கள். எழுபதுகளில், இவர்கள் தலைமன்னாரில் கப்பலுக்குக் காத்திருந்த அதே காலத்தில், கிளார்க்குக்கு நமது அரசு 'வதிவிட விருந்தினர்' என்ற தகுதியை வழங்கியது. அவர்மீது எனக்கு மனத்தாங்கல் இல்லை. பக்கத்துப் பக்கத்து மேசையில் இரண்டு கோப்புகள் இருந்திருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

எழுதுகிறவனுக்கும் இதில் தள்ளி நின்று பேசும் உரிமை இல்லை. 1990 ஒக்டோபரில் மன்னார் முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, இந்த மண்ணில் பல தலைமுறை மையித்துகளை அடக்கியவர்களிடமும் அதே கேள்விதான் கேட்கப்பட்டது. கேட்டவர்களும் ஒரு விடுதலையின் பெயரால்தான் கேட்டார்கள்.

1967இன் விண்வெளி ஒப்பந்தம் சந்திரனுக்கு எந்த நாடும் இறைமை கோர முடியாது என்கிறது. நிலத்தைப் பற்றி நன்றாகச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே பிறக்கப்போகும் பிள்ளையின் பிரஜாவுரிமை பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

பாடம் முடிந்ததும் அந்தப் பையனைக் கூப்பிட்டு, அடையாள அட்டை ஞாபகம் எப்படி வந்தது என்று கேட்டேன். அவனுடைய குடும்பம் வன்செயலுக்கு அஞ்சி மலைநாட்டிலிருந்து இந்தப் பக்கம் வந்தது. 2003இன் 35ஆம் இலக்கச் சட்டத்தின் பிறகுதான் அவனுடைய பாட்டிக்குப் பிரஜாவுரிமை கிடைத்ததாம். அட்டையை இன்னும் பொலித்தீன் பையில் சுற்றி, தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டுதான் படுப்பாராம்.