முகூர்த்தப் படமும் மூன்று சிடியும்

திருத்தணி மலைக்கோயிலில் முகூர்த்த நாள் என்றால் ஒரே காலையில் பல ஜோடிகள் மாலை மாற்றிக்கொள்வார்கள். வள்ளியை முருகன் கைப்பிடித்த தலம் என்ற நம்பிக்கை ஒரு காரணம். மலையில் தாலி, அடிவாரத்து மண்டபத்தில் சாப்பாடு என்று காரியத்தை அரை நாளில் முடித்துவிடலாம் என்பது இன்னொரு காரணம். சென்னை, அரக்கோணம் பக்கத்துக் குடும்பங்களோடு நகரி, புத்தூர் பக்கத்துத் தெலுங்குக் குடும்பங்களும் வந்து இறங்கும். இந்த ஊரே 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்ததுதான். ம.பொ.சி. முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்தை அடுத்து அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லைக்கோடு நகர்ந்ததே தவிர, கொள்வினை கொடுப்பினை நிற்கவில்லை.

அதனால்தான் இந்தப் பக்கத்துக் கல்யாண வீடியோ ஒரு பிரதியோடு முடிந்ததில்லை. பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று, துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் சித்தப்பாவுக்கு ஒன்று. வீடியோக் கடைக்காரருக்குப் படம் பிடிப்பது ஒரு நாள் வேலை. பிரதி போட்டுக் கொடுப்பது பல நாள் தலைவலியாக இருந்தது.

விஎச்எஸ் காலத்தில் அந்தத் தலைவலி எளிய வகையைச் சேர்ந்தது. இரண்டு விசிஆர் பெட்டிகளை ஒயரால் இணைத்து, ஒன்றில் ஓட்டி மற்றொன்றில் பதிய வேண்டும். மூன்று மணி நேரப் படத்துக்கு மூன்று மணி நேரம் ஆகும். ஒவ்வொரு பிரதியிலும் நிறம் கொஞ்சம் வெளுக்கும். நடுவில் கரண்ட் போனால் கேசட்டைப் பின்னால் சுற்றி விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம். நாடா எத்தனை முறை வேண்டுமானாலும் அழித்து எழுத விட்டுக்கொடுக்கும்.

சிடி விட்டுக்கொடுக்காது. எழுதும் சிடியை, அதாவது சிடி-ஆரை, ஜப்பானின் தாயோ யூடன் நிறுவனம் 1988-இல் உருவாக்கியது. பாலிகார்பனேட் தட்டின் மேல் மெல்லிய சாயப் பூச்சு, அதன் மேல் உலோகப் பூச்சு. 780 நானோமீட்டர் லேசர் பட்ட இடத்தில் சாயம் கருகும். கருகிய இடமும் கருகாத இடமும் சேர்ந்துதான் தகவல். கருகியதை மறுபடி பச்சையாக்க முடியாது. உள்வட்டத்தில் தொடங்கி விளிம்பு நோக்கி ஒரே சுருள் கோடாக, நிற்காமல் எழுதி முடிக்க வேண்டும். நடுவில் நின்றால் தட்டு குப்பைக்கு.

அந்தத் தட்டில் வீடியோவை ஏற்றும் முறையை பிலிப்ஸ், சோனி, மாட்சுஷிட்டா, ஜேவிசி நிறுவனங்கள் 1993-இல் வகுத்தன. அதுதான் விசிடி. 352-க்கு 288 புள்ளிகள் கொண்ட படம், ஒரு தட்டில் 74 நிமிடம். மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று சிடி என்ற கணக்கு இப்படித்தான் வந்தது. பெண்ணழைப்பும் வரவேற்பும் ஒன்றில், முகூர்த்தம் இன்னொன்றில், மொய்யும் குரூப் போட்டோவும் கடைசியில் என்று பிரித்துவைத்த கல்யாண ஆல்பங்கள் இன்றும் தமிழ்நாட்டு பீரோக்களில் கிடக்கின்றன.

விசிடியை வகுத்தவர்கள் இடத்துக்காக ஒரு விலை கொடுத்தார்கள். கணினிக் கோப்பு பதியும் சிடியில் ஒவ்வொரு கட்டத்திலும் 2,048 பைட்டுகள்தான் சரக்கு. கூடவே பிழை திருத்தும் குறிப்புகளும் உண்டு. விசிடி அந்தக் குறிப்புகளைக் கழற்றிவிட்டு 2,324 பைட்டுகளை அடைத்தது. அதனால்தான் 700 எம்பி தட்டில் 800 எம்பி அளவுக்குப் படம் ஏறியது. படத்தில் ஓரிரு புள்ளி உடைந்தால் கண்ணுக்குத் தெரியாது என்று நினைத்தார்கள் போலும். கீறல் விழுந்த விசிடி மட்டும் ஏன் சட்டென்று கட்டம் கட்டமாக உடைந்து திக்குகிறது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிடி ரைட்டர் சிறுநகரக் கடைகளுக்கு வந்தபோது முதலில் அறிமுகமான வில்லன் 'பஃபர் அண்டர்ரன்'. நான்கு மடங்கு வேகத்தில் எழுதும்போது நொடிக்குச் சுமார் 600 கேபி தகவல் லேசருக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ரைட்டருக்குள் இருந்த சேமிப்போ பெரும்பாலும் 2 எம்பி. அதாவது, ஹார்டு டிஸ்க் மூன்று நொடி மூச்சு விட்டால் போதும். சேமிப்பு காலியாகி லேசருக்கு எழுத ஒன்றுமில்லாமல் போகும். ஸ்கிரீன் சேவர் எழுந்தால், வைரஸ் தேடும் மென்பொருள் வேலையைத் தொடங்கினால், ஹார்டு டிஸ்க்கும் ரைட்டரும் ஒரே கேபிளில் தொங்கினால் மூன்று நொடி போய்விடும். கடைகளில் ஒரு தீண்டாமை விதியே உண்டானது: ரைட் ஆகும்போது மவுஸைத் தொடக் கூடாது. கவனக்காரர்கள் நீரோ மென்பொருளில் 'சிமுலேட்' என்ற வசதியைப் போட்டு, லேசரை எரியவிடாமல் ஒரு முறை ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் நிஜமாக எழுதினார்கள். நான்கு மடங்கு வேகத்தில் ஒரு சிடிக்குப் பத்தொன்பது நிமிடம் என்றால் ஒத்திகையோடு நாற்பது நிமிடம். மூன்று சிடி, மூன்று பிரதி. கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த வில்லனை ஒழித்தது 2000-இல் சான்யோ கொண்டுவந்த 'பர்ன் புரூஃப்'. சேமிப்பு காலியானால் லேசர் நிற்கும். நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டு, தகவல் வந்ததும் அதே இடத்தில் தொடரும். ஓரிரண்டு ஆண்டுகளில் மற்ற நிறுவனங்களும் வேறு பெயர்களில் இதையே போட்டுவிட்டன.

கரண்ட் போனால் பர்ன் புரூஃபும் ஒன்றும் செய்ய முடியாது. 2008-க்குப் பிறகு தமிழ்நாட்டில் மின்வெட்டு அன்றாடமானது. 2012-இல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்தையும் தாண்டியது. இன்வெர்ட்டர் வைத்த கடைகளில்கூட ஒரு வினோதம் நடந்தது. விளக்கும் ஃபேனும் அணையாமல் ஓடும். கணினி மட்டும் அணைந்து எழும். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாறும் இடைவெளியை மின்விசிறி தாங்கும், கணினி தாங்காது. பல இன்வெர்ட்டர்களின் பின்புறம் 'யூபிஎஸ்' என்று எழுதிய சிறு சுவிட்சு ஒன்று உண்டு. அதைத் தள்ளினால் மாற்றம் வேகமாக நடக்கும். அது தெரியாமல் தூக்கி எறியப்பட்ட தட்டுகளுக்கு எந்த ஊரிலும் கணக்கு இல்லை.

திருத்தணிக்கு இன்னொரு தனிச்சிறப்பு உண்டு: வெயில். கோடையில் வானிலை மையம் வெளியிடும் தமிழ்நாட்டு வெப்பப் பட்டியலில் இந்த ஊரின் பெயர் அடிக்கடி உச்சியில் வந்து நிற்கும். லேசர் டையோடுக்கும் வெயில் ஆகாது. சூடு ஏற ஏற அதே வெளிச்சத்துக்கு அதிக மின்சாரம் கேட்கும். அதன் அலைநீளமும் கொஞ்சம் நகரும். நகர்ந்த அலைநீளத்துக்குச் சாயம் அதே அளவு மசியாது. இதைச் சமாளிக்கத்தான் ஒவ்வொரு சிடியின் உள்வட்டத்திலும் ஒரு பரிசோதனை இடம் விட்டிருக்கிறார்கள். தோசைக்கல் காய்ந்ததா என்று தண்ணீர் தெளித்துப் பார்ப்பது போல, எழுதுவதற்கு முன் ரைட்டர் அங்கே பல அளவுகளில் சுட்டுப் பார்த்து, எந்தச் சூடு சரி என்று முடிவு செய்யும். எந்தச் சூடும் சரிப்படவில்லை என்றால் திரையில் 'பவர் கேலிபரேஷன் எரர்' வரும். தட்டு மட்டம், லென்ஸில் தூசி, லேசர் வயதாகிவிட்டது, பெட்டிக்குள் சூடு ஏறிவிட்டது என்று நான்கில் எதுவாகவும் இருக்கலாம். தொடர்ந்து பத்து சிடி அடித்தபின் பதினோராவது மக்கர் செய்தால் ரைட்டரைக் கொஞ்ச நேரம் ஆறப்போடுவதே முதல் வைத்தியம்.

எக்ஸ்பி காலத்து நோய் ஒன்று இதைவிடத் தந்திரமானது. ரைட்டருடன் பேசும்போது ஆறு முறை பிழை வந்தால் விண்டோஸ் எக்ஸ்பி தானாகவே டிஎம்ஏ என்ற வேக வழியைக் கைவிட்டு, பிஐஓ என்ற பழைய மெதுவான வழிக்கு இறங்கிவிடும். யாரிடமும் சொல்லாது. கடைக்காரருக்குத் தெரிவதெல்லாம், நேற்றுவரை ஒழுங்காக எழுதிய ரைட்டர் இன்று இழுத்துக்கொண்டு கிடக்கிறது, கணினியே திணறுகிறது என்பதுதான். புது ரைட்டர் வாங்கியவர்கள் உண்டு. டிவைஸ் மேனேஜரில் அந்த ஐடிஇ சானலை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தாலே வேகம் திரும்பிவிடும் என்பது சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்வந்தவர்கள் கொண்டுவந்த ரகசியமாக இருந்தது.

டிவிடி வந்ததும் மூன்று சிடி ஒரே தட்டாயிற்று. பிரச்சினையும் புதிதாயிற்று. பெட்டியில் 4.7 ஜிபி என்று அச்சிட்டிருக்கும். கணினி அதையே 4.37 என்று காட்டும். ஆயிரத்தால் வகுப்பதா, 1,024-ஆல் வகுப்பதா என்ற வித்தியாசம்தான், ஆனால் 4.5 ஜிபிக்கு எடிட் செய்து முடித்தவருக்கு அது கடைசி நேரத்தில் இடி. மினி டிவி (DV) கேமராவிலிருந்து ஒரு மணி நேரப் படம் இறக்கினால் சுமார் 13 ஜிபி ஆகும். பழைய ஃபேட் 32 ஹார்டு டிஸ்க்கோ ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட விடாது. ஏறக்குறைய இருபது நிமிடத்தில் இறக்கம் நின்றுபோகும். அது கெட்டிமேளத்தின் நடுவிலும் நிற்கும்.

வெற்றுத் தட்டு வாங்குவதே தனிக் கலை. 1983-இல் தொடங்கிய டெல்லி நிறுவனமான மோசர் பேர், நொய்டாவிலும் கிரேட்டர் நொய்டாவிலும் இருந்த ஆலைகளில் தட்டுகளை வார்த்து, உலகின் பெரிய பிராண்டுகளுக்கே சப்ளை செய்துவந்தது. ஒவ்வொரு தட்டிலும் அதைச் செய்தவரின் குறியீடு உண்டு. ரைட்டர் அதைப் படித்து, இந்தச் சாயத்துக்கு இந்த அளவு சூடு என்று தன் நினைவிலிருக்கும் பட்டியலைப் பார்க்கும். பட்டியலில் இல்லாத தட்டு என்றால் குத்துமதிப்பாக எழுதும். ஐம்பது தட்டு அடுக்கிய பெயர் தெரியாத கட்டுகள் ஒரு தடவை நன்றாக வந்து, அடுத்த தடவை பாதிக்குப் பாதி கெட்டுப்போனதற்கு இதுதான் காரணம். 16 மடங்கு என்று போட்டிருந்தாலும் 8-இல் எழுது என்பது தொழிலின் பொது அறிவு. பெரும்பாலும் சரியான அறிவுதான். ஆனால் வேகத்துக்கென்றே செய்த சாயத்தை மிக மெதுவாக எழுதினாலும் கெடும் என்பதைப் பலர் நம்ப மறுத்தார்கள்.

2006-க்குப் பின் திமுக அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு இலவசக் கலர் டிவி கொடுத்தது. பக்கத்தில் மலிவான பிளேயரும் வந்து உட்கார்ந்தது. 2007-இல் மோசர் பேர் 28 ரூபாய்க்கு விசிடியும் 34 ரூபாய்க்கு டிவிடியும் விற்று, திருட்டுத் தட்டு விலைக்கே சினிமாவைக் கொண்டுவந்தது. அதற்குள் 2004-இல் தமிழக அரசு குண்டர் சட்டத்தில் வீடியோ திருடர்களையும் சேர்த்திருந்தது. ஒரே நேரத்தில் ஏழு, பத்து தட்டு அடிக்கும் டவர் ரைட்டர் கல்யாணக் கடைக்கும் வேண்டும், திருட்டு விசிடிக்காரருக்கும் வேண்டும். எந்திரத்தைப் பார்த்து ஆளை அடையாளம் காண வழியில்லை.

சினிமா விசிடி ஓடுகிற பிளேயரில் கல்யாண சிடி ஓடவில்லை என்ற புகார் எங்கும் கேட்டது. ஆலையில் அச்சடித்த தட்டில் சாயமே கிடையாது. குழிகள் நேரடியாகப் பாலிகார்பனேட்டில் பதிந்திருக்கும். எழுதிய தட்டு அதைவிட மங்கலாகத்தான் ஒளியைத் திருப்பும். தொடக்கக் கால டிவிடி பிளேயர்கள் சிலவற்றில் 650 நானோமீட்டர் லேசர் மட்டுமே இருந்தது. சிடி-ஆர் சாயம் அந்த நிறத்தைத் திருப்பி அனுப்பாது, எனவே தட்டே இல்லை என்று சொல்லிவிடும். டிவிடியில் 'மைனஸ் ஆர்', 'பிளஸ் ஆர்' சண்டை வேறு. முடித்துவைக்காத, அதாவது 'ஃபைனலைஸ்' செய்யாத தட்டு எழுதிய கணினியில் ஓடும், வீட்டில் ஓடாது. கடைசிக் குற்றவாளியைக் கடைக்காரரே ஒட்டியிருப்பார்: மணமக்கள் படம் போட்ட காகித ஸ்டிக்கர். ஒரு மில்லிமீட்டர் தள்ளி ஒட்டினாலும் சுழலும் தட்டு ஆடும். மேல்பக்கத்தில் நேரடியாக அச்சிடும் வெள்ளைத் தட்டுகள் வந்தபின்தான் அது தீர்ந்தது.

இத்தனை பிழைகளும் முகத்துக்கு நேரே வந்தவை. எழுதி முடித்ததும் 'வெற்றி' என்று சொல்லிய தட்டுகளே பெரிய ஏமாற்றம். எழுதியதை மறுபடி படித்துச் சரிபார்க்கும் 'வெரிஃபை' வசதி பல மென்பொருள்களில் இருந்தது. நேரம் இரட்டிப்பாகும் என்று அவசரத்தில் அதை நிறுத்திவிடுவது வழக்கம். அரைகுறையாகக் கருகிய சாயம் அப்போதைக்கு ஓடியது. வெப்பத்திலும் ஈரத்திலும் வெளிச்சத்திலும் பதினைந்து ஆண்டு கிடந்தபின் இப்போது படிக்க மறுக்கிறது. மோசர் பேரும் இல்லை. 2018-இல் அதைக் கலைக்க உத்தரவாகிவிட்டது. புதிய மடிக்கணினிகளில் பெரும்பாலும் தட்டு போடும் வாயே கிடையாது.

ஆகவே இப்போது கடைகளுக்கு வருவது தலைகீழ் வேலை: பழைய தட்டிலிருந்து பென் டிரைவுக்கு மாற்றித் தருவது. விசிடியைச் சாதாரணமாகக் காப்பி செய்தால் ஒரு கெட்ட இடத்தில் 'சைக்ளிக் ரிடண்டன்ஸி' என்று சொல்லி முழுக் கோப்பையும் விண்டோஸ் கைவிட்டுவிடும். கெட்ட இடத்தைத் தாண்டி மேலே படிக்கும் மீட்பு மென்பொருள் வேண்டும். தட்டை மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைக்க வேண்டும், சுற்றித் துடைக்கக் கூடாது. ஒரு டிரைவ் படிக்காததை வேறொன்று படிக்கலாம். ஃபைனலைஸ் ஆகாத தட்டை எழுதிய வகை ரைட்டரிலேயே போட்டு முடித்துவைக்கவும் முடியும்.

பெரும்பாலும் விளிம்புதான் முதலில் போகிறது. வேகமாக எழுதப்பட்ட பகுதி அது, விரல் படும் பகுதியும் அதுவே. கல்யாணத் தட்டில் உள்வட்டத்தில் இருப்பது பிள்ளையார் படமும், சுழன்று வரும் கோபுர கிராபிக்ஸும், மணமக்கள் பெயரும். அவை எல்லாம் பழுதில்லாமல் மீண்டுவிடுகின்றன. உடைந்து போவது கடைசிப் பத்து நிமிடம்: நகரிப் பக்கத்துச் சொந்தமும் அரக்கோணத்துச் சொந்தமும் வரிசையாக மேடையேறி, மொய்க் கவரைக் கொடுத்து, கேமராவைப் பார்த்து நின்ற பகுதி.