‘சாரிட்டி’: ஒரு சொல்லின் வரலாறு

‘சாரிட்டி’ என்ற ஆங்கிலச் சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்முன் வருபவை உண்டியலும், நன்கொடைச் சீட்டும், ஏழைகளுக்கு வேட்டி சேலை வழங்கும் விழா மேடையுமே. அகராதியைப் புரட்டினாலோ பொருள்கள் விரிகின்றன. இறையன்பு, பிறரன்பு, ஈகை, பிறர் குறையைப் பெரிதுபடுத்தாத பெருந்தன்மை, அறநிலையம் ஆகிய யாவும் அச்சொல்லுக்குள் அடங்குகின்றன. அன்பின் உச்சியையும் பிச்சைக் காசையும் ஒரே சொல் சுட்ட நேர்ந்த கதை, திருச்சபையின் வரலாற்றோடு பின்னிப் பிணைந்த கதையாகும்.

இதன் வேர் ‘காருஸ்’ என்ற இலத்தீன் சொல். ‘அருமையான’ என்பது அதன் பொருள். ‘அருமை மகன்’ என்கிறோம். கிடைத்தற்கரிய பொருளையும் அருமையானது என்கிறோம். இலத்தீனிலும் அப்படியே. அதிலிருந்து பிறந்த ‘காரித்தாஸ்’ அன்பைக் குறித்தது. பஞ்ச காலத்தில் தானியம் விலையேறியதையும் உரோமையர் அச்சொல்லாலேயே குறித்தனர். திருத்தூதர் பவுல் கிரேக்கத்தில் எழுதிய ‘அகாப்பே’ என்ற சொல், கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 13-ஆம் அதிகாரத்தில் ‘காரித்தாஸ்’ என்றே இலத்தீனாக்கப்பட்டது. பிரெஞ்சு மொழி வழியாக 12-ஆம் நூற்றாண்டில் அச்சொல் ஆங்கிலத்தில் குடியேறியது.

அதன்பின் வந்தது பெரும் பூசல். 1526-இல் வில்லியம் டிண்டேல், கிரேக்க மூலத்திலிருந்து தாம் ஆங்கிலப்படுத்திய புதிய ஏற்பாட்டை ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரில் அச்சிட்டார். வழிவழியாகச் ‘சாரிட்டி’ என்று வழங்கிவந்த இடத்தில் ‘லவ்’ என்ற சொல்லை அமைத்தார். 1529-இல் புனித தாமஸ் மோர் அதைக் கடுமையாகக் கண்டித்து நூல் எழுதினார். ‘லவ்’ என்பது காமத்திற்கும் பொருந்தும் பொதுச்சொல், ‘சாரிட்டி’யோ நெறிப்படுத்தப்பட்ட தூய அன்பு, அதை அகற்றுவது, விசுவாசம் மட்டுமே போதும் என்னும் லூத்தரின் கொள்கைக்கு வழிதிறப்பதாகும் என்பது அவர் வாதம். 1531-இல் டிண்டேல் விடையிறுத்தார். மக்கள் வாயில் ‘சாரிட்டி’ என்றால் பிச்சையும் பொறுமையும் இரக்கமுமே. மேலும், கடவுளையும் அயலானையும் ‘லவ்’ செய் என்று ஏவலாம், ‘சாரிட்டி’ செய் என்று ஏவ அச்சொல்லுக்கு வினை வடிவமே இல்லையே என்றார்.

இருவர் பக்கமும் நியாயம் உண்டு. தாமஸ் மோர் அஞ்சியது வீணன்று. ‘லவ்’ என்ற சொல் இன்று திரைப்படச் சுவரொட்டிகளில் படும் பாட்டை நாம் அறிவோம். ஆயினும் சொல்லின் போக்கை நுட்பமாகக் கண்டவர் டிண்டேல் என்றே சொல்லத் தோன்றுகிறது. 1535 ஜூலை 6-ஆம் நாள் தாமஸ் மோர் மன்னன் ஆணையால் சிரச்சேதம் செய்யப்பட்டார். மறு ஆண்டு அக்டோபரில், பிரசெல்ஸ் அருகே, டிண்டேல் கழுத்து நெரிக்கப்பட்டு எரிக்கப்பட்டார்.

அதே 1536-இல் எட்டாம் ஹென்றி துறவு மடங்களைக் கலைக்கத் தொடங்கினான்; 1540-க்குள் எல்லாம் மூடப்பட்டன. மட வாயிலில் ஏழைக்குக் கிடைத்த அப்பமும் உடன் நின்றது. அறப்பணி மெல்ல அரசுச் சட்டத்தின் கைக்குப் போயிற்று. 1601-இல் எலிசபெத் அரசி காலத்துச் சட்டம் எவையெவை ‘சாரிட்டி’ என்று பட்டியலிட்டது. முதியோரையும் வறியோரையும் பேணுவது, ஊனமுற்ற போர்வீரரை ஆதரிப்பது, பள்ளி நடத்துவது, ஏழைப் பெண்களுக்கு மணம் முடிப்பது, ஏன், பாலமும் சாலையும் செப்பனிடுவதுங்கூட அதில் அடங்கும். அன்பு என்ற சொல் அப்பட்டியலில் தேவைப்படவில்லை. ஆங்கிலேயர் ஆட்சியோடு அச்சட்டச் சிந்தனை நம் நாட்டிற்கும் வந்தது; 1890-இல் இங்கே அறக்கொடைச் சட்டம் இயற்றப்பட்டது.

இவ்வாறு கொடை மட்டும் எஞ்சியபோது சொல் குளிர்ந்துபோயிற்று. ‘சாரிட்டியைப் போலச் சில்லிட்டது’ என்றொரு மரபுத்தொடரே ஆங்கிலத்தில் உருவாயிற்று. ‘உன் சாரிட்டி எனக்கு வேண்டாம்’ என்று தன்மானமுள்ள ஏழை சொல்லும் நிலை வந்தது. பவுலடியாரின் சொல் வசைச் சொல்லாகிவிட்டது!

இதன் விளைவைக் காண ஒரே வசனம் போதும். தன் உடைமை அனைத்தையும் வறியோர்க்கு ஈந்தாலும் ‘சாரிட்டி’ இல்லாவிடில் பயனில்லை என்ற பொருள்படவே 1582-இல் ரீம்ஸ் நகரில் வெளியான கத்தோலிக்க மொழிபெயர்ப்பும், 1611-இல் வந்த ஜேம்ஸ் மன்னரின் மொழிபெயர்ப்பும் அமைந்துள்ளன. இன்றைய ஆங்கில வாசகன் திகைப்பான். அனைத்தையும் ஈவதுதானே சாரிட்டி? ஈந்தபின் அது இல்லாமற்போவது எங்ஙனம்? பவுல் பிரித்துக்காட்ட விழைந்த இரண்டையும் காலம் ஒன்றாக்கிவிட்டது. 1881-இன் திருத்தப் பதிப்பு ‘லவ்’ என்ற சொல்லுக்கே திரும்பியது. 1966-இல் வெளிவந்த கத்தோலிக்கரின் ஜெருசலேம் விவிலியமும் அதையே ஏற்றது. தாமஸ் மோர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

ஆனால் பழைய பொருள் அடியோடு மாண்டுவிடவில்லை. புனித வின்சென்ட் தே பவுல் 1633-இல் லூயிஸ் தெ மரிலாக்குடன் நிறுவிய சபையின் கன்னியர் ‘சாரிட்டியின் புதல்வியர்’ எனப்பட்டனர். அன்னை தெரேசா 1950-இல் கல்கத்தாவில் தொடங்கிய சபையின் பெயரிலும் அச்சொல் உண்டு. அதைத் தமிழில் ‘பிறரன்புப் பணியாளர் சபை’ என்கிறோம். ‘தருமப் பணியாளர்’ என்பதில்லை. 2005-இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் தம் முதல் சுற்றுமடலுக்கு இட்ட இலத்தீன் தலைப்பில் உள்ளதும் ‘காரித்தாஸ்’ தான். ஏழைக்கு வேண்டியது தருமம் அன்று, நீதியே என்ற குற்றச்சாட்டை அம்மடலில் அவர் எதிர்கொள்கிறார்.

தமிழில் இச்சிக்கல் இல்லை. திருவள்ளுவர் அன்புடைமைக்கு ஓர் அதிகாரம், ஈகைக்கு வேறோர் அதிகாரம் வகுத்தவர். நம் விவிலியத்தில் பவுலின் சொல் ‘அன்பு’ என்றே நிற்கிறது. இதைவிட வியப்பானது பழைய செபப் புத்தகங்களில் உண்டு. ஆங்கிலக் குழந்தைகள் விசுவாசம், நம்பிக்கை, ‘சாரிட்டி’ என்று ஓதிய இடத்தில் நம் பாட்டிமார் ஓதியது ‘தேவசிநேகம்’. காரித்தாஸ் என்பது மனிதன் கடவுளோடு கொள்ளும் நட்பு என்று புனித தாமஸ் அக்குவினாஸ் 13-ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார். அதை அறிந்து மொழிபெயர்த்தார்களோ, அறியாமல் மொழிபெயர்த்தார்களோ, சிநேகம் என்றால் நட்புதான்.