வெள்ளை மாளிகையில் இருவர்

சரித்திரம் என்றதும் போர்களும் உடன்படிக்கைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. டோரிஸ் கியர்ன்ஸ் குட்வின் என்னும் அமெரிக்க ஆசிரியை 1994-இல் வெளியிட்ட ‘நோ ஆர்டினரி டைம்’ என்ற நூல், யுத்தகாலத்து இல்லறம் ஒன்றையே சரித்திரமாக்குகிறது. ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டும் அவர்தம் துணைவியார் எலினார் அம்மையாருமே அதன் நாயகர்கள். 1995-இல் அந்நூல் புலிட்சர் பரிசு பெற்றது.

1921-இல் இளம்பிள்ளை வாதம் கண்டு கால்களின் வலிமையை இழந்தவர் ரூஸ்வெல்ட். ஆதலின் அம்மையார் ஊர்தோறும் சென்று, கண்டவற்றைக் கணவரிடம் எடுத்துரைத்தார். வேண்டியபோது வாதாடவும் செய்தார். கறுப்பினத் தொழிலாளர் தலைவரான ராண்டால்ப், தலைநகரில் பேரணி நடத்தப்போவதாக அறிவித்தபோது, இரு தரப்புக்குமிடையே நின்று பேசியவர்களுள் அம்மையாரும் ஒருவர். 1941 ஜூனில், பாதுகாப்புத் தொழில்களில் இனவேற்றுமை கூடாதென ஆணை பிறந்தது.

ஆயின், 1942 பிப்ரவரியில் அதே ஜனாதிபதி பிறப்பித்த மற்றோர் ஆணையின் விளைவாக, ஜப்பானிய வமிசத்தினர் ஏறத்தாழ 1,20,000 பேர் முகாம்களில் அடைபட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்களே. அம்மையாரின் மனம் அதற்கு இசையவில்லை. எனினும் அவரால் தடுக்க இயலவில்லை. 1943-இல் அரிசோனாவிலிருந்த ஹீலா ரிவர் முகாமுக்கு நேரில் சென்று வந்தார்.

பெரியோர் இல்லறத்தைப் பற்றிப் படிப்பது சுவையானதே. அச்சுவையோடு நாம் நின்றுவிடலாகாது. அவ்வீட்டுப் பேச்சு எளியோர் எவருடைய வாழ்வை மாற்றிற்று, எவரைக் கைவிட்டது என்று வினவும்போதே அது சரித்திரமாகிறது.