திருமுதுகுன்றமும் மச்சப் பொன்னும்

நடுநாட்டுத் தேவாரத் தலங்கள் 22-இல் ஒன்றாய், மணிமுத்தாற்றின் கரையில் விளங்குவது திருமுதுகுன்றம். முதுகுன்றம், பழமலை என்னும் செந்தமிழ்ப் பெயர்களே வடமொழியில் விருத்தாசலம் என வழங்கலாயின. விருத்தம் முதுமை, அசலம் மலை. ஊரில் மலை யாதும் காணோமே என்பார்க்கு, ஏனை மலைகட்கு முன்னர் இறைவனே ஈண்டு மலைவடிவாய்த் தோன்றினன் எனத் தலபுராணம் விடை கூறும்.

மூவர் முதலிகளும் பாடிய இத்திருக்கோயிலைப் பத்தாம் நூற்றாண்டிற் கற்றளியாக்கியவர் செம்பியன் மாதேவியார். நிலமட்டத்தின் கீழே படியிறங்கி வணங்கப்பெறும் ஆழத்துப் பிள்ளையாரும், 28 ஆகமங்களின் பெயர்கொண்ட 28 சிவலிங்கங்களும் சைவர் அனைவரும் கண்டு தொழத்தக்கன. குமாரதேவர் திருமடம் உள்ளதும், துறைமங்கலம் சிவப்பிரகாச சுவாமிகளின் அந்தாதி பெற்றதும் இவ்வூரே. இந்நாளில் இவ்வூர் பீங்கான் தொழிலாற் பெயர்பெற்றுள்ளது. இங்கே சூளையிலிட்டுச் சுட்டெடுக்கும் அகல்களும் பொம்மைகளும் பல ஊர்கட்குச் செல்கின்றன.

இத்தலத்தில் நம்பியாரூரர் 12,000 பொன் பெற்ற வரலாறு யாவரும் அறிந்ததே. அப்பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்க என இறைவன் பணித்தருளினன். சுந்தரர் அவ்வாறே செய்தார். ஆயினும் ஆற்றில் இடுமுன் மாற்றறிதற்பொருட்டு மச்சமாக ஒரு துண்டினை வெட்டி வைத்துக்கொண்டார். ஆரூரில் எடுத்த பொன்னை மச்சத்தோடு ஒப்புநோக்க, மாற்றுக் குறைந்து காணப்பட்டது. மீண்டும் பாடி வேண்டவே, உரை ஒத்தது. மாற்றுரைத்த பிள்ளையார் இன்றும் ஆரூரில் இதற்குச் சான்றாய் எழுந்தருளியுள்ளார்.

இச்செய்தியை இன்று நினைத்தற்குக் காரணம் உண்டு. முதுகுன்றத்துக் கோயிலில் இருந்த மாதொருபாகர் கற்றிருமேனி களவாடப்பெற்றுக் கடல்கடந்து சென்றது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் அதனை 2004-இல் விலைகொடுத்து வாங்கிற்று. புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தார் முன்னரே எடுத்துவைத்திருந்த நிழற்படத்தோடு ஒப்பிட்டபொழுது உண்மை வெளிப்பட்டது. 2014 செப்டம்பர் 5-ஆம் நாள் அந்நாட்டுப் பிரதமர் டோனி அபாட், புதுதில்லியில் அதனை நம் பிரதமர் நரேந்திர மோதியிடம் ஒப்புவித்தார். ஸ்ரீபுரந்தான் ஆடவல்லானும் உடன் மீண்டனர். ஈண்டு அந்நிழற்படமே மச்சமாயிற்று.

திருவுருவங்களைப் படமெடுத்தல் தகாது, காக்க இறைவனே வல்லன் என்பார் சிலர் உளர். அவர் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். கொடுத்தவனும் இறைவன், ஆற்றிலிடுக என்றவனும் இறைவன். அவன் வாக்கில் வன்றொண்டர் சிறிதும் ஐயுற்றிலர். எனினும் மச்சம் வெட்டினார். ஆகலின் சான்று போற்றுதல் அன்பிற்குக் குறையன்று. பெற்ற பொருளை மதித்தலேயாம்.

படமில்லாத ஒரு திருமேனி நாளை அயல்நாட்டுக் கூடத்தில் நிற்குமாயின், எம் ஊரினது என எதுகொண்டு வழக்குரைப்போம்? ஆதலின் அன்பர்காள்! நும் ஊர்க் கோயில் எத்துணைச் சிறிதாயினும், முறைப்படி இசைவு பெற்று, ஒவ்வொரு திருவுருவையும் படமெடுத்து, உயரமும் இருக்கும் இடமும் குறித்து, அக்குறிப்பினைக் கோயிலிலும் வெளியிலுமாக ஈரிடத்து வைத்துப் போற்றுமின். மணிமுத்தாற்றங்கரையில் நம்பியாரூரர் செய்தது அதுவே.

திருச்சிற்றம்பலம்.